உங்கள் டெர்மினல் ஏன் இழுக்கிறது? பாஷை ஓரங்கட்டிய குட்டி ஷெல்லின் கதை

காலையில் ஆபீஸ் போய் லேப்டாப்பைத் திறக்கிறீர்கள். டெர்மினல் ஐகானைத் தட்டியதும் கறுப்புத் திரை வந்துவிடுகிறது. ஆனால், கட்டளை தட்டுவதற்கான வரி மட்டும் வரவில்லை. ஒரு நொடி போகிறது, ஒன்றரை நொடி போகிறது. அப்புறம்தான் பச்சை அம்பு, கிட் கிளையின் பெயர், மணி, பேட்டரி அளவு என்று தேர் அலங்காரத்தோடு அந்த வரி வந்து நிற்கிறது.

‘ஒன்றரை நொடிதானே, இதுக்கா ஒரு கட்டுரை?’ என்று கேட்கலாம். இதே கேள்வியை 2006-ல் உபுண்டு லினக்ஸை உருவாக்குபவர்கள் வேறு மாதிரி கேட்டுக்கொண்டார்கள். அதற்கு அவர்கள் கண்ட விடை, உலகம் முழுக்க ஏராளமான ஸ்கிரிப்ட்களை ஒரே நாளில் படுக்க வைத்தது. எட்டு வருடம் கழித்து அதே விடைதான் பல சர்வர்களைக் காப்பாற்றவும் செய்தது. அந்தக் கதையைப் பார்த்துவிட்டு, உங்கள் டெர்மினலுக்கு வருவோம்.

முதலில், ஷெல் என்றால் என்ன?

டெர்மினல் என்பது வெறும் ஜன்னல். அதற்குள் உட்கார்ந்து, நீங்கள் தட்டும் கட்டளையைப் படித்து, எந்த நிரலை ஓட்ட வேண்டும் என்று முடிவு செய்து, ஓட்டி, முடிந்ததும் ‘அடுத்து என்ன?’ என்று காத்திருப்பதுதான் ஷெல். கிட்டத்தட்ட ஹோட்டல் சப்ளையர் மாதிரி. சமைப்பது அவர் இல்லை, ஆனால் அவர் மந்தமாக இருந்தால் சமையல்காரர் எவ்வளவு வேகமாக இருந்தும் பிரயோஜனமில்லை.

பெல் ஆய்வகத்தில் ஸ்டீபன் போர்ன் எழுதிய ஷெல் 1979-ல் யூனிக்ஸின் ஏழாம் பதிப்போடு வந்தது. ‘எஸ்.எச்’ என்ற இரண்டே எழுத்துதான் அதன் பெயர். அதற்கு ஒரு கட்டற்ற மாற்று வேண்டும் என்று க்னூ திட்டத்துக்காக பிரையன் ஃபாக்ஸ் 1989-ல் எழுதியது பாஷ். ‘போர்ன்-அகெய்ன் ஷெல்’ என்பதன் சுருக்கம் அது. போர்ன் மறுபிறவி எடுத்த ஷெல் என்ற சிலேடை. பழைய கட்டளை வரலாறு, டேப் தட்டினால் பெயர் நிரப்புதல், அர்ரே எனப் பல வசதிகள் அதற்குள் வந்தன. லினக்ஸ் பரவியபோது பாஷும் கூடவே பரவியது.

அதே 1989-ல் கென்னத் ஆல்ம்க்விஸ்ட் என்பவர் இன்னொரு ஷெல் எழுதினார். பெயர் ஆஷ். அலங்காரம் எதுவும் இல்லை. போர்ன் ஷெல் செய்ததைச் செய்யும், அவ்வளவுதான். பின்னாளில் ஹெர்பர்ட் சூ அதை லினக்ஸுக்குக் கொண்டுவந்தார். 2002-ல் அதற்கு டாஷ் என்று பெயர் மாறியது. ‘டெபியன் ஆல்ம்க்விஸ்ட் ஷெல்’ என்பதன் சுருக்கம்.

இரண்டும் பருமனில் எவ்வளவு வித்தியாசம்? உபுண்டு 22.04-ல் பாஷ் கோப்பு சுமார் 1.4 எம்.பி. டாஷ் சுமார் 125 கே.பி. பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பாஷின் சொந்தக் கையேட்டின் கடைசியில் ‘பிழைகள்’ என்று ஒரு பகுதி உண்டு. அதில் முதல் குறையே, இது ரொம்பப் பெரிசு, ரொம்ப மெதுவு என்பதுதான். எழுதியவர்களே ஒப்புக்கொண்ட விஷயம்!

2006 அக்டோபரில் நடந்தது என்ன?

அப்போது ஒரு லினக்ஸ் கணினி பூட் ஆவது என்பது பெரும்பாலும் ஷெல் ஸ்கிரிப்ட்கள் வரிசையாக ஓடுவதுதான். நெட்வொர்க்கைக் கிளப்ப ஒன்று, பிரிண்டருக்கு ஒன்று, கடிகாரத்துக்கு ஒன்று. ஒவ்வொரு ஸ்கிரிப்டும் ஒரு புது ஷெல்லை எழுப்பும். அந்த ஷெல் தன்னையே நகல் எடுத்து, இன்னும் பல சின்ன வேலைகளை ஓட்டும். ஒரு ஷெல் எழும்ப ஆகும் நேரம் மில்லி நொடிக் கணக்குதான். ஆனால், நூற்றுக்கணக்கான முறை எழும்பினால்? பெரிய கோப்பைப் படிக்க வேண்டும், கூடுதல் லைப்ரரியை இணைக்க வேண்டும், பெரிய நினைவகத்தை நகலெடுக்க வேண்டும். எல்லாம் சேர்ந்து பயனரின் கண் முன்னே லோகோவாகச் சுற்றிக்கொண்டிருக்கும்.

இதில் வேடிக்கை, இந்த ஸ்கிரிப்ட்களுக்கு டேப் நிரப்புதலோ கட்டளை வரலாறோ தேவையே இல்லை. அங்கே கீபோர்டு முன்னால் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. ஆனாலும், ‘எஸ்.எச்’ என்று யார் கூப்பிட்டாலும் வந்து நின்றது பாஷ்தான்.

உபுண்டு 6.10 வெளியானபோது அந்தப் பெயர்ப் பலகையைக் கழற்றி டாஷ் மீது மாட்டினார்கள். கவனியுங்கள், பயனர் டெர்மினல் திறந்தால் அப்போதும் பாஷ்தான் வரும். ‘எஸ்.எச்’ என்று கேட்கும் ஸ்கிரிப்ட்களுக்கு மட்டும் டாஷ். சொல்லப்போனால் ஒரு சிம்லிங்க்கைத்தான் மாற்றினார்கள்.

அதற்கே ஊர் இரண்டுபட்டது. காரணம் இதுதான். பாஷை ‘எஸ்.எச்’ என்ற பெயரில் கூப்பிட்டால் அது கொஞ்சம் அடக்கமாக நடந்துகொள்ளும், ஆனால் தன் சொந்த வசதிகளை மறுக்காது. அதனால் ஸ்கிரிப்டின் முதல் வரியில் ‘எஸ்.எச்’ என்று எழுதிவிட்டு, உள்ளே பாஷுக்கு மட்டுமே புரியும் இரட்டைச் சதுர அடைப்புக்குறி, அர்ரே, ‘சோர்ஸ்’ எல்லாவற்றையும் பயன்படுத்துவது வருடக்கணக்கில் பழகிப்போயிருந்தது. எழுதியவர்களில் பலருக்கு அது பாஷின் தனி வழக்கு என்பதே தெரியாது. டாஷுக்கு இதெல்லாம் தெரியாது. ‘அப்படி ஒரு கட்டளையே இல்லை’ என்று கைவிரித்தது. வணிக மென்பொருள்களின் இன்ஸ்டாலர்கள் உட்படப் பல ஸ்கிரிப்ட்கள் பாதியில் விழுந்தன. உபுண்டுவின் பிழைப் பதிவேட்டில் சண்டையே நடந்தது.

உபுண்டு தரப்பு பதில் எளிமையானது. பாஷ் வசதி வேண்டுமா, முதல் வரியில் பாஷ் என்றே எழுது. ‘எஸ்.எச்’ என்று எழுதினால், போசிக்ஸ் தரநிர்ணயம் சொல்வதற்குள் நில். பழையபடி வேண்டுபவர்கள் ஒரு கட்டளையில் திரும்பிப் போகவும் வழி வைத்தார்கள்.

என்னைக் கேட்டால் அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. நேற்று வரை ஓடியது இன்று நின்றால் யாருக்குத்தான் எரியாது? ஆனாலும், முடிவு சரிதான். டெபியன் நிதானமாகத் தன் தொகுப்பில் இருந்த ஸ்கிரிப்ட்களைச் சுத்தம் செய்துவிட்டு, 2011 பிப்ரவரியில் வந்த 6.0 பதிப்பில் அதே பாதைக்கு வந்தது. இன்றுவரை இரண்டிலும் அதுதான் நிலை.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2015-ல் உபுண்டு சிஸ்டம்-டிக்கு மாறிய பிறகு, பூட் வேலைகளில் பெரும்பகுதி ஷெல் ஸ்கிரிப்டை விட்டே போய்விட்டது. இன்று உங்கள் கணினி வேகமாக எழும்பினால் அதன் பெருமை முழுக்க டாஷுக்கு இல்லை. ஆனால், மென்பொருள் நிறுவும்போது, ‘மேக்’ ஓடும்போது, வேறு நிரல்கள் உள்ளுக்குள் ஒரு கட்டளையை அழைக்கும்போது என, இன்னமும் நாள் முழுக்க டாஷ்தான் சத்தமில்லாமல் எழும்பி மறைந்துகொண்டிருக்கிறது.

ஷெல்ஷாக்: கேட்காத வசதி தந்த அடி

2014 செப்டம்பர் 24. ஸ்டெஃபான் ஷாஸெலாஸ் என்பவர் பாஷில் கண்டுபிடித்த ஓட்டை பற்றிய செய்தி வெளியானது. ‘ஷெல்ஷாக்’ என்று பெயர் வைத்தார்கள்.

விஷயம் இது. பாஷில் ஒரு வசதி இருக்கிறது: நீங்கள் எழுதிய ஃபங்ஷனை சூழல் மாறி மூலமாக அடுத்த பாஷுக்கு அனுப்பலாம். அதைப் படிக்கும்போது, ஃபங்ஷன் முடிந்த இடத்தோடு நிறுத்தாமல், பின்னால் ஒட்டியிருக்கும் கட்டளையையும் பாஷ் ஓட்டிவிட்டது. வெப் சர்வர்கள் சில, பிரவுசர் அனுப்பும் தகவலை சூழல் மாறியில் போட்டுத்தான் ஸ்கிரிப்டை அழைக்கும். அப்படியென்றால், உலகின் எந்த மூலையில் இருப்பவரும் ஒரு வெப் கோரிக்கையில் கட்டளையை ஒளித்து அனுப்பி, உங்கள் சர்வரில் ஓட்டலாம். 1989-லிருந்தே உள்ளே இருந்த ஓட்டை இது. 25 வருடம் யார் கண்ணிலும் படவில்லை.

டாஷில் இந்த ஓட்டை இல்லை. அதை எழுதியவர்கள் தீர்க்கதரிசிகள் என்பதால் இல்லை, அந்த வசதியே அங்கு கிடையாது. டெபியன், உபுண்டு சர்வர்களில் ‘எஸ்.எச்’ என்று கூப்பிட்ட நிரல்கள் எல்லாம் டாஷிடம் போனதால், நேரடியாக பாஷைக் கூப்பிட்ட இடங்களில் மட்டும்தான் ஆபத்து இருந்தது. எல்லோரும் அவசரமாகத் திருத்தத்தை நிறுவ வேண்டியிருந்தது உண்மை. ஆனால், தாக்குதலுக்கான கதவுகள் குறைவாக இருந்தன. வேகத்துக்காக எடுத்த முடிவு, பாதுகாப்புக்கு உதவியது.

உங்கள் கையிலேயே ஒரு சின்ன ஷெல்

இதை நீங்கள் ஆண்ட்ராய்டு போனில் படித்துக்கொண்டிருந்தால், அதற்குள்ளும் ஒரு ஷெல் இருக்கிறது. ஆண்ட்ராய்டு 4.0-லிருந்து அது எம்.கே.எஸ்.எச். கார்ன் ஷெல் குடும்பத்தைச் சேர்ந்த, சிக்கனமான ஷெல். வீட்டு வைஃபை ரவுட்டர்கள் பலவற்றில் பிஸிபாக்ஸ் என்ற ஒற்றைக் கோப்புக்குள் அடங்கிய ஆஷ். கன்டெய்னர்களில் பிரபலமான ஆல்பைன் லினக்ஸிலும் அதே ஆஷ்தான். ஃப்ரீ-பி.எஸ்.டி. தன் 14-வது பதிப்பில், 2023-ல், ரூட் பயனருக்கான ஷெல்லை எளிய ‘எஸ்.எச்’ ஆக மாற்றியது.

ஆனால், நம் மேஜையில் நிலைமை நேர்மாறு. ஆப்பிள் 2019-ல் மேக்கின் புதுப் பயனர்களுக்கு இசட்-ஷெல்லைக் கொடுத்தது. காளி லினக்ஸ் 2020-ல் அதே வழியில் போனது. இசட்-ஷெல் தன்னளவில் மோசமில்லை. அலங்காரம் செய்யாமல் வெறுமனே திறந்தால் அதுவும் சட்டென்று வரும். பிரச்சினை, அதன் மேல் நாம் ஏற்றும் சுமை.

அந்த ஒன்றரை நொடி எங்கே போகிறது?

யூடியூபில் ஒரு வீடியோ பார்த்து ‘ஓ மை இசட்-ஷெல்’ நிறுவுகிறோம். பத்துப் பதினைந்து பிளக்-இன் சேர்க்கிறோம். பயன்படுத்துவது இரண்டு. நோட் பதிப்புகளை மாற்ற ஒரு கருவி, பைத்தானுக்குக் கோண்டா, கிளவுடுக்கு ஒன்று என ஒவ்வொரு இன்ஸ்டாலரும் நம் தொடக்கக் கோப்பின் கடைசியில் நாலு வரியைச் செருகிவிட்டுப் போகிறது. நாம் அன்று நோட் தொடவே போவதில்லை என்றாலும், ஒவ்வொரு டெர்மினல் ஜன்னலும் அதை முழுக்கப் படித்துவிட்டுத்தான் எழும்பும்.

இது திறக்கும்போது மட்டும் நடக்கும் கூத்து இல்லை. பிராம்ப்ட்டில் கிட் நிலவரம் காட்டும் தீம் வைத்திருந்தால், ஒவ்வொரு முறை என்டர் தட்டும்போதும் அது ப்ராஜெக்ட் முழுக்க ‘எந்தக் கோப்பு மாறியிருக்கிறது?’ என்று தேடும். சின்ன ப்ராஜெக்ட்டில் தெரியாது. ஆபீஸின் பிரம்மாண்ட ரெப்போவில், வெறும் என்டருக்கே டெர்மினல் மூச்சு வாங்கும். எழுத்துக்கு எழுத்து வண்ணம் மாற்றும் பிளக்-இன், நீங்கள் தட்டும் ஒவ்வொரு விசைக்கும் வேலை செய்கிறது.

சில தீம்கள் இதற்கு ஒரு தந்திரம் வைத்திருக்கின்றன. உள்ளே எல்லாம் தயாராகும் முன்பே பிராம்ப்ட்டை வரைந்து காட்டிவிடும். கடைக்குள் விளக்குப் போடுவதற்கு முன்பே ‘திறந்திருக்கிறது’ பலகையை மாட்டுவது மாதிரி. புத்திசாலித்தனம்தான். ஆனால், இப்படி ஒரு தந்திரம் தேவைப்படும் அளவுக்குச் சுமை ஏறியிருக்கிறது என்பதையும் அது சொல்கிறது.

மனிதன் ‘உடனே நடந்தது’ என்று உணர்வதற்கான எல்லை சுமார் 0.1 நொடி என்று பயன்பாட்டு வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 1993-ல் எழுதினார். ஒரு நொடியைத் தாண்டினால், காத்திருக்கிறோம் என்பது மனதுக்குத் தெரிய ஆரம்பிக்கும். ஒரு நாளைக்கு 60 முறை ஜன்னல் திறந்தால் மொத்த நஷ்டம் 90 நொடி. அது பெரிய கணக்கில்லை. அந்த இடைவெளியில் கை தானாகப் போனை எடுக்கிறது பாருங்கள், அதற்குத்தான் கணக்குக் கிடையாது.

என் கையைச் சுட்ட கதை

வேகத்தைவிட முக்கியமான காரணம் ஒன்றை நான் செலவழித்துத்தான் கற்றுக்கொண்டேன். இசட்-ஷெல்லில் ஒரு நல்ல பழக்கம் உண்டு. ஒரு ஃபோல்டரில் இருக்கும் எல்லாக் கோப்புகளையும் நட்சத்திரக் குறி போட்டு அழிக்கச் சொன்னால், ‘நிச்சயமாகவா?’ என்று ஒருமுறை கேட்கும். வருடக்கணக்கில் அந்தக் கேள்விக்குப் பழகியிருந்தேன். அழிக்கும் கட்டளையைத் தட்டிவிட்டு, கேள்வி வரும் நேரத்தில்தான் சரியான ஃபோல்டரில் இருக்கிறேனா என்றே யோசிப்பேன்.

ஒரு நாள் ராத்திரி, வாடிக்கையாளர் ஒருவரின் சர்வரில் அதையே செய்தேன். அங்கே இருந்தது ஆஷ். கேள்வி வரவில்லை. பிராம்ப்ட் மட்டும் அமைதியாகத் திரும்பி வந்தது. தப்பான ஃபோல்டர். முந்தைய நாள் பேக்கப் இருந்ததால் தப்பித்தேன். விடியும்வரை உட்கார்ந்து சரிசெய்தேன்.

இப்படிச் சின்னச் சின்ன வேறுபாடுகள் நிறைய. பாஷில் அர்ரேயின் முதல் உறுப்பு 0, இசட்-ஷெல்லிலும் ஃபிஷ்ஷிலும் 1. இடைவெளி உள்ள மதிப்பை மேற்கோள்குறி இல்லாமல் கொடுத்தால், இசட்-ஷெல் அதை ஒன்றாகவே வைத்துக்கொள்ளும். பாஷும் டாஷும் துண்டு துண்டாக்கிவிடும். நம் லேப்டாப் நமக்குச் செய்துகொடுக்கும் உபகாரங்கள் சர்வரில் கிடைக்காது. நள்ளிரவில் புரொடக்‌ஷன் படுத்துக்கிடக்கும்போது நமக்கு வாய்ப்பது பெரும்பாலும் வெறும் ஷெல்தான்.

அப்போ டாஷுக்கே மாறிடலாமா?

வேண்டாம். நானே ஒரு வாரம் முயன்று கைவிட்டேன். டெபியன், உபுண்டு தரும் டாஷில் மேல் அம்பு தட்டினால் பழைய கட்டளை வராது, விநோதமான குறிகள்தான் வரும். டேப் தட்டினால் பெயர் நிரம்பாது. அது ஸ்கிரிப்ட் ஓட்டப் பிறந்தது. மனிதர்கள் அதில் குடித்தனம் நடத்த முடியாது.

நடுவில் நிற்பது எம்.கே.எஸ்.எச் தான். கட்டளை வரலாறு உண்டு, வரியைத் திருத்தலாம், கோப்புப் பெயரை டேப் நிரப்பும். அதற்கு மேல் பெரிதாக எதுவும் கேட்காதீர்கள். என் லேப்டாப்பில் இப்போது இருப்பது அதுதான். கிட் கிளையின் பெயர் தெரியாமல் முதல் சில நாள் தவித்தேன், தேவைப்பட்டால் கேட்டுக்கொள்ளலாம் என்று பிறகு பழகிவிட்டது.

கட்டளை பரிந்துரை, வண்ணம் எல்லாம் வேண்டும், ஆனால் தொடக்கக் கோப்பில் தலையை விட்டுக்கொள்ள இஷ்டமில்லை என்பவர்களுக்கு ஃபிஷ் நல்ல தேர்வு. அந்த வசதிகள் பிளக்-இன் இல்லாமலேயே அதில் உள்ளே இருக்கின்றன. ஒரே சிக்கல், அதன் மொழி போசிக்ஸ் வழியில் போகாது. இணையத்தில் பார்க்கும் ஸ்கிரிப்டை அப்படியே ஒட்டினால் அடம்பிடிக்கலாம்.

இருக்கும் ஷெல்லை விடவே மனசில்லையா? முதலில் அளந்து பாருங்கள். ‘டைம்’ கட்டளையை முன்னால் போட்டு, உங்கள் ஷெல்லை ஊடாடும் முறையில் திறந்து உடனே வெளியேறச் சொல்லுங்கள். பிறகு, தொடக்கக் கோப்பைப் படிக்காதே என்று சொல்லித் திறந்து இன்னொரு முறை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் முழுக்க நீங்கள் ஏற்றிய சுமை. இசட்-ஷெல்லில் ‘இசட்-ப்ராஃப்’ என்ற உள்ளமைந்த தொகுதி, எந்த ஃபங்ஷன் எவ்வளவு நேரம் தின்றது என்று பட்டியலே தரும். பெரும்பாலும் ஒன்றிரண்டு பெயர்கள்தான் குற்றவாளிகளாக இருக்கும். அவற்றை, முதல்முறை கூப்பிடும்போது மட்டும் ஏற்றும்படி மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

ஸ்கிரிப்ட் எழுதுபவர்களுக்கு மட்டும் கறாராகச் சொல்கிறேன்: முதல் வரியில் ‘எஸ்.எச்’ போட்டால், டாஷில் ஓட்டிப் பார்க்காமல் யாருக்கும் அனுப்பாதீர்கள். ‘ஷெல்செக்’ என்ற இலவசக் கருவி, பாஷுக்கு மட்டும் புரியும் வரிகளைக் கண்டுபிடித்துச் சொல்லிவிடும்.

ஷெல்லை மாற்றப்போகிறவர்கள் ஒரு வாரம் அதைத் தனி ஜன்னலில் மட்டும் ஓட்டிப் பாருங்கள். பிடித்திருந்தால் உங்கள் பயனர் கணக்குக்கு மட்டும் மாற்றுங்கள். ரூட் கணக்கில் கை வைக்காதீர்கள். மாற்றும்போது ஏற்கெனவே லாகின் ஆன இன்னொரு டெர்மினலை மூடாமல் வைத்திருங்கள். ஷெல்லின் பாதையில் ஓர் எழுத்து தப்பாகிப்போனால், அடுத்த முறை உள்ளே நுழையவே முடியாது. திருத்துவதற்குத் திறந்திருக்கும் ஒரே கதவு அந்த ஜன்னலாகத்தான் இருக்கும்.